சூரியக் காற்று வீசிய வாரம்

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, பி.எட். இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த ஆண்டில் எனக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு வேலை கிடைத்தது. ஐஸ் பேக்டரி மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் செட், லாரி பேட்டரி ஒன்று. வெளியே இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே துணிக்கொடி மாதிரி இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. அதுதான் ஏரியல். ஆந்திரக் கடல்வரை போய், நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் பெரிய விசைப்படகுகளோடு பேசுவதுதான் வேலை. காலையும் மாலையும் ஒவ்வொரு படகும் "கரை, கரை" என்று கூப்பிடும். "கரை பேசுது" என்று நான் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறார்கள், என்ன மீன் பட்டது, ஐஸ் மிச்சம் இருக்கிறதா, யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டுப் படகு முதலாளியிடம் சொல்வேன். முதலாளி சொல்வதைத் திரும்பப் படகுக்குச் சொல்வேன்.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அந்த முதலாளியின் படகுகளில் பெரியதை ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் வளர்ந்தேன். ராயபுரம் கோயில் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதங்களில், கரையில் இருக்கிற இரவுகளிலும் மாமா படகிலேயே போய்ப் படுத்துக்கொள்வார், விளக்கை அணைக்க வேண்டாம் என்பதற்காக. கல்லூரியில் சேர்க்கப் போனபோது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே வந்தார். விண்ணப்பத்தில் காப்பாளர் என்ற இடத்தில் அவர் போட்ட கையெழுத்துத்தான் இருந்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு மீதியைப் படித்தால் ஒன்றும் புரியாது.

பெண்பிள்ளை செட்டில் உட்கார்ந்தால் படகுக்காரர்கள் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள் என்று முதலாளிக்கு ஒரு எண்ணம். அது சரியாகத்தான் இருந்தது. கோயிலில் முதல் வரிசையில் முட்டி போடுகிற மனிதர் அவர். படகுக்காரர்கள் சங்கத்திலும் அவர் பேச்சுக்கு எடை உண்டு. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

மீன்பிடித் தடைக்காலம் புதிதாக வந்திருந்த சமயம் அது. ஏப்ரல் நடுவில் எல்லாப் படகுகளையும் கரையில் கட்டிவிட வேண்டும். அதற்குள் எத்தனை தடவை போய்வர முடியுமோ அத்தனை தடவை என்று ஒவ்வொரு முதலாளியும் படகுகளை விரட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் சிலுவைப் பாதை முடித்துவிட்டு நேராகத் துறைமுகத்துக்கு வந்து, என் அறைக்குக் கீழே நின்று தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் காலை மாமா செட்டில் வந்தார். குரல் வழக்கம்போல இல்லை. எஞ்சினில் ஆயில் ஒழுகுகிறது, சீக்கிரம் சூடு ஏறுகிறது, வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிறேன் என்று சொல்லச் சொன்னார். முதலாளி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பற்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"இன்னும் ரெண்டு நாளு இழுத்துட்டு வரச் சொல்லு பாப்பா. தடக்காலத்துல எஞ்சின எறக்கி வேலை பாத்துக்கலாம்."

நான் அப்படியே சொன்னேன். மாமா "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அன்று பகலிலேயே செட் செத்துப்போனது. எண்ணூருக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த வேறொரு படகின் ஆள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவிலேயே இரைச்சல் அவர் குரலை விழுங்கியது. கடாயில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கப்புறம் எந்தப் படகும் வரவில்லை. பேட்டரியை மாற்றினேன். கம்பியைத் துடைத்தேன். பக்கத்து முதலாளியின் செட்டுக்கு ஓடினேன். அங்கேயும் அதே இரைச்சல்.

மறுநாள் செய்தித்தாளின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. சூரியனில் பெரிய வெடிப்பு, பூமியைச் சூரியப் புயல் தாக்குகிறது, தொலைத்தொடர்பு பாதிக்கப்படலாம் என்று. கல்லூரியில் இதற்காக ஒரு பாடமே படித்திருந்தேன். சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் எந்நேரமும் வீசிக்கொண்டே இருக்கின்றன. சூரியக் காற்று என்று பெயர். சூரியன் வெடிக்கும்போது அது புயலாக மாறி, ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும். பூமியின் காந்தப்புலம் பெரும்பகுதியைத் தடுத்துத் திருப்பிவிடும். ஆனால் அடி வாங்கிய காந்தப்புலம் ஆடும். வானத்தின் உச்சியில் இருக்கும் மின்னேற்ற அடுக்குகள் கலைந்துபோகும். தூரத்துக்குப் பேசுகிற வயர்லெஸ் அலை நேராகப் போவதில்லை, அந்த அடுக்கில் பட்டுத்தான் திரும்பிக் கீழே வருகிறது. அடுக்கு கலைந்தால் குரல் திரும்பாது. துருவத்துப் பக்கம் இருக்கிறவர்களுக்கு வானத்தில் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் தெரியுமாம். காசிமேட்டுக்கு வெறும் இரைச்சல்தான்.

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். படி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒரு படகு பேசவில்லை என்றால் அந்தப் படகின் வீட்டுக்காரர்கள் மட்டும் வருவார்கள். எல்லாப் படகும் பேசவில்லை என்றால் ஊரே வரும். அக்காவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயதுக்கு மேல் இருக்கும். என்னைச் சித்தி என்று சொல்லவராமல் 'த்தீ' என்பாள்.

நான் படியில் இறங்கி வந்து அவர்களுக்கு விளக்கினேன். படகுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, பழுதானது வானத்தில், சூரியன் அடங்கியதும் எல்லோரும் பேசுவார்கள் என்றேன். ஒருத்திக்கும் பாதி புரியவில்லை. ஆனால் எனக்குப் புரிந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புரிந்தது. மீன் ஏலம் போடுகிற அம்மா ஒருவர், நிலாவுக்கு ஆள் போகிற காலத்தில் சூரியனிலிருந்து காற்று வந்தால் என்ன என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்றவர்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். அன்று என்னைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொண்டதாக அக்கா சொன்னாள்.

நான் சொன்னது பொய் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. இறங்கிய ஒவ்வொருவரும் செட்டில் வெறும் இரைச்சல்தான் என்றார்கள். பக்கத்துப் படகோடு பேசுகிற குட்டி செட் மட்டும் வேலை செய்ததாம். அது கூப்பிடு தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். நான் சொன்ன மாதிரியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் படகு மட்டும் வரவில்லை.

முதலாளியிடம் போனேன். அந்த எஞ்சினைப் பற்றி ஞாபகப்படுத்தினேன். மற்ற படகுகள் பேசாததற்கு ஒரு காரணம்தான், இந்தப் படகு பேசாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம், கடலோரக் காவல் படைக்குச் சொல்ல வேண்டும் என்றேன். மீன் எடை போடுகிற இடத்தில், நாலு பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். சிரித்தார்.

"நீதான பாப்பா எல்லாருக்கும் பாடம் எடுத்த, சூரியன்லேர்ந்து காத்தடிக்குதுன்னு? காத்து நின்னா பேசுவான். இப்ப கோஸ்ட் கார்டாண்ட போயி இன்னான்னு சொல்றது, சூரியன் பேஜாரு பண்ணுதுன்னா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அக்காவிடம் சொன்னேன். நாமே போய்ச் சொல்லிவிடலாம், துறைமுகத்தில் அலுவலகம் இருக்கிறது, நான் பேசிக்கொள்கிறேன், நீ மனைவி என்று சொல்லி நின்றால் போதும் என்றேன். அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முதலாளிக்குத் தெரியாமல் போனால் அவர் கோபித்துக்கொள்வார், நாளைக்கு மாமாவுக்கு ஓட்டப் படகு கிடைக்காது என்றாள். நான் தனியாகவே போனேன். அங்கே இருந்தவர் படகின் பதிவு விவரங்களோடு முதலாளி வரவேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். திரும்பி வந்தபோது முதலாளிக்கு விஷயம் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து பாப்பா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு காலையில் இரைச்சல் தானாகவே விலகியது. மறுபடி கடலுக்குப் போயிருந்த ஒரு படகு நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பளிச்சென்று பேசியது. கடலில் இருந்த மற்ற எல்லாப் படகையும் பெயர் பெயராகக் கூப்பிட்டேன், எல்லாம் பதில் சொன்னது. மாமாவின் படகைக் கூப்பிட்டேன். நிசப்தம். இரைச்சல் இருந்தவரை ஒரு நம்பிக்கை இருந்தது. செட் தெளிவாக இருந்து, அதில் ஒருவர் மட்டும் பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. அதன் பிறகுதான் முதலாளி அதிகாரிகளிடம் போனார்.

காக்கிநாடாவுக்கு வெகுதூரம் கிழக்கே, எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த அவர்களை ஒரு சரக்குக் கப்பல் பார்த்தது. கரையிலிருந்து கிளம்பியது ஐந்து பேர். மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். படகில் சமைக்கிற பெரியவர் முதலில் போயிருக்கிறார். திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவரில் தம்பி, தாகம் தாங்காமல் கடல் தண்ணீரைக் குடித்துப் புத்தி தடுமாறி, கரை தெரிகிறது என்று சொல்லிக் குதித்துவிட்டான். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். எழுந்து நிற்கத் தெம்பில்லை.

மாமாவை ரயிலில் அழைத்து வந்தார்கள். சென்ட்ரலுக்கு நானும் அக்காவும் போனோம். உதடு வெடித்து, தோல் உரிந்து, நெஞ்செலும்பு தெரிய இறங்கினார். அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நா கூப்ட்டுக்கினே இருந்தேனே," என்றார். "நீ எங்க போன?"

நான் அங்கேயே விளக்கத் தொடங்கினேன். இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. பிளாட்பாரத்தில், செத்துப் பிழைத்த மனிதனிடம், வானத்தின் அடுக்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் சொன்னார்.

"சீனாக்காரனோ எவனோ பேசறது கேட்டுச்சு. தெளிவா கேட்டுச்சு. எந்த ஊர்லயோ கீறவன் பேசறது கேக்குது, காசிமேட்ல கீறவ பேசறது கேக்கலியா?"

அதற்கும் விளக்கம் உண்டு. அடுக்குகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கலைவதில்லை. ஒரு பக்கம் சேர்ந்திருக்கும்போது இன்னொரு பக்கம் கிழிந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிற குரல் கேட்கும், பக்கத்து மாநிலத்துக் குரல் கேட்காது. சொல்லப்போனால் அப்படித்தான் நடக்கும். ஆனால் இதை எந்த மனிதனாவது நம்புவானா? அவர் செட் வேலை செய்தது என்பதற்கு அவர் காதே சாட்சி. நான் இல்லை என்பதற்கும் அதே காதுதான் சாட்சி.

அதை அவர் உண்மையாகவே நம்பினாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். முதல் நாள் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அது அவருக்குத் தேவைப்பட்டது.

செத்த இருவரின் வீட்டாரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய வியாழனுக்கு முந்தைய நாள் என்று ஞாபகம், அவசர அவசரமாக முடித்துவிடப் பார்த்தார்கள். முதலாளி எழுந்து, அன்றைக்கு அந்தப் பெண் செட்டில் இல்லை, எங்கே போனாள் என்று தெரியாது, வயசுப்பெண், வேறு என்ன சொல்ல என்று நிறுத்தினார். அந்த 'வேறு என்ன சொல்ல' அறை முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பின்வரிசையில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். எஞ்சின் பழுது என்று மாமா காலையிலேயே சொன்னதையும், முதலாளி இன்னும் இரண்டு நாள் இழுக்கச் சொன்னதையும், நான் அதைச் செட்டில் சொன்னதையும், அவர் சரி என்றதையும் சொன்னேன். சங்கத் தலைவர் மாமாவைப் பார்த்தார். எஞ்சினைப் பற்றிச் சொன்னாயா என்று கேட்டார்.

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. கடல்ல போயி திடீர்னு நின்னுச்சு. நா கூப்ட்டேன். கரை பேசல."

உயிர் பிழைத்த அந்த அண்ணனைப் பார்த்தேன். எஞ்சின் அறையில் வேலை பார்த்தவனே அவன்தான். ஒழுகிய ஆயிலைத் துணியால் துடைத்தவன் அவனாகத்தான் இருக்கும். அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செட் ஏன் பேசவில்லை என்று தலைவர் என்னைக் கேட்டார். சூரியக் காற்று என்றேன். அப்போது ஒரு படகுக்காரர் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப சூரியன் மேல கேஸ் போட்ரலாமா?"

அறையே சிரித்தது. இரண்டு பேர் செத்ததற்காகக் கூடிய கூட்டம் அது. கடலில் குதித்துச் செத்த அந்தத் தம்பியின் தாய் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மற்ற எல்லாப் படகுகளின் செட்டும் அதே நாட்களில் செத்துக்கிடந்தது என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு டிரைவருக்கும் தெரியும். என்னிடமே வந்து சொன்னவர்கள் அவர்கள். ஒருவர்கூட எழுந்து அதைச் சொல்லவில்லை. தடைக்காலம் முடிந்ததும் யார் படகை ஓட்ட வேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

அந்தத் தாய் கூட்டத்தில் பேசவில்லை. மறுநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்திருப்பார் போல, கால் முழுக்கப் புழுதி. நான் வெளியே வந்தேன். குனிந்து தெருமண்ணை இரண்டு கையாலும் அள்ளி என் மேல் வீசினார். கண்ணில், வாயில், தலையில். நீ வாழும் வீட்டில் விளக்கு எரியக் கூடாது, உன் வயிற்றில் ஒன்றும் தங்கக் கூடாது, நீ கூப்பிடுகிறபோது உனக்கும் ஒருத்தரும் பதில் பேசக் கூடாது என்று ஒவ்வொரு பிடி மண்ணுக்கும் ஒன்றாகச் சொன்னார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. சாதாரணமாக யாராவது வந்து அந்த அம்மாவின் கையைப் பிடித்திருப்பார்கள். யாரும் பிடிக்கவில்லை. அவருக்குக் கை வலித்த பிறகுதான் நின்றார்.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் ஒரு பொய்யைக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

உள்ளே வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அன்று மாலை அவருக்கு நான் கஞ்சி கொண்டுபோனபோது, தட்டை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டு, நீ கொண்டுவா என்றார். அக்கா அதே கஞ்சியை வேறு தட்டில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தோம்.

ஈஸ்டர் முடிந்ததும் அக்கா என் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். நன்றாக மடித்தாள், ஓரம் ஒட்ட. கல்லூரித் தோழி ஒருத்தி திருவொற்றியூரில் விடுதியில் இருக்கிறாளே, அங்கே கொஞ்ச நாள் இரு என்றாள். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. குழந்தை பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, அதைத் தூக்கி இறக்கிவிட்டாள். தடைக்காலம் முடிந்ததும் முதலாளி மாமாவுக்குத் தன்னுடைய புதிய படகைக் கொடுத்தார்.

பி.எட். இடம் கிடைத்தது. படித்தேன். திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனேன். சுனாமி வந்த காலையில் விடுதியிலிருந்து காசிமேடுவரை ஓடினேன். கோயில் வளாகத்தில் பத்திரமாக இருந்தார்கள் மூன்று பேரும். மாமா என்னைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்குள் வேறு பக்கம் நகர்ந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குச் சில வருடம் கழித்து, ஜூன் மாதம், பள்ளி அலுவலக வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். என்னை யார் என்று தெரியாமல் பார்த்தது. ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், இந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள், நீ ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்றாள் அக்கா. இத்தனை வருடம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

பெண்ணை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனோம். நான் கேட்டேவிட்டேன். நான் செட்டில்தான் இருந்தேன் என்று உனக்குத் தெரியாதா என்று.

"தெரியும்," என்றாள் அக்கா. குரலில் தயக்கமே இல்லை. "அவுரு மறுபடி கடலுக்குப் போவணும். மொதலாளி மேல பழியப் போட்டா எவன் லாஞ்சு குடுப்பான்? உன் மேல போட்டா உனுக்கு இன்னா ஆவும்? நீ படிச்சவ. எங்கனா பொயச்சிக்குவ."

பிறகு, பெண்ணுக்கு நான் யார் என்று தெரிய வேண்டாம், டீச்சர் என்றே கூப்பிடட்டும், அவருக்குத் தெரிந்தால் பள்ளியை நிறுத்திவிடுவார் என்றாள். நான் தலைமை ஆசிரியையிடம் பேசினேன். இடம் கிடைத்தது. அக்கா தாங்க்ஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், அந்நியர்களிடம் சொல்வது மாதிரி.

நான்கு வருடம் அந்தப் பெண் என் வகுப்பில் இருந்தாள். கெட்டிக்காரி. கணக்கை மனதுக்குள் போட்டுவிட்டு, எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாள், மாமா மாதிரியே. நான் அவளிடம் அதிகமாகவும் பேசவில்லை, குறைவாகவும் பேசவில்லை. என்னை நானே கண்காணித்துக்கொண்டே இருப்பது ஒரு வேலையாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்பின் கடைசி வாரத்தில், எல்லோரும் போன பிறகு, ஆய்வுக்கூடத்தில் நான் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள், அந்தத் தெரு எதையும் சொல்லாமல் விடாது.

"டீச்சர், அன்னிக்கி நீங்க எழுந்து எங்கனா போயிட்டீங்களா?"

என்னிடம் அதை நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். இல்லை என்றேன்.

"அப்ப எங்கப்பா பொய் சொல்றாரா? அவுரு பொய் சொல்ல மாட்டாரு."

அவளுக்குப் பதினாலு வயது. இந்த இடத்தில் நல்ல மனம் கொண்ட பெண் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். தகப்பன் மேல் பிள்ளைக்கு இருக்கிற நம்பிக்கையை உடைக்காமல், ஏதாவது மழுப்பி, தலையைத் தடவி அனுப்பியிருப்பாள். நான் ஸ்டூலை இழுத்து அவளை உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சூரியனில் தொடங்கினேன். அது அவளுக்கு உடனே புரிந்தது, பாடத்தில் வந்ததுதான். ஆயில் ஒழுகியதைச் சொன்னேன். முதலாளி சொன்னதை, உன் அப்பா சரி என்றதை, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எஞ்சின் நன்றாக இருந்தது என்று சொன்னதை. அதற்குப் பதிலாக என்ன படகு கிடைத்தது என்பதை. உன் அம்மா தெரிந்தே என் துணிகளை மடித்ததை. வேப்பமரத்தடியில் அவள் பேசியதை, வார்த்தை மாறாமல்.

அவள் அழவில்லை. நடுவில் ஒரு முறை எழப்பார்த்தாள். உட்காரு, இன்னும் முடியவில்லை என்றேன். உட்கார்ந்தாள். சொல்லி முடித்தபோது எனக்குள் பல வருடமாக இறுகிக்கிடந்த ஒன்று தளர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகும் அந்த நிம்மதி குறையவில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை.

விடுமுறைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க அக்கா மட்டும் வந்தாள். ஆசிரியர் அறை வாசலில் நின்று என்னை வெளியே கூப்பிட்டாள். பெண் அப்பாவோடு பேசுவதே இல்லையாம். அவர் தொட்ட தட்டில் சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். அவர் காரணம் தெரியாமல் அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறாராம்.

"உனுக்கு இப்ப திருப்தியா?" என்றாள்.

மணி அடித்துவிட்டது. எட்டாம் வகுப்புக்கு எனக்குப் பாடம் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.